கோட்டுக்கு அந்தப் பக்கம் என் மகன்

ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் என் மகனுக்கு, இந்தப் பக்கத்திலிருந்து உன் அப்பன் எழுதிக்கொள்வது.

முதலில் சிரித்து முடித்துவிடு. உன் மாடியில் நீ தும்மினால் நம் வாசலில் எனக்குக் கேட்கும். அவ்வளவு கிட்டத்தில் இருப்பவனுக்கு எவனாவது கடிதம் எழுதுவானா என்று உன் அம்மாவும் கேட்டுவிட்டாள். "ஏனுங்க, எட்டி நாலு எட்டு வெச்சா அவன் ஊடு. நேர்ல போய்ச் சொல்லீட்டு வாங்களே, இதுக்கு எதுக்குப் பேப்பரும் பேனாவும்?" என்றாள். நேரில் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பாதி சொல்லும்போதே ஒரு கேலி பேசி மழுப்பிவிடுவேன், நீயும் சிரித்துவிட்டு டிபன் சாப்பிடுங்கப்பா என்பாய், அத்தோடு போச்சு. போனில் என்றால் "சொல்லுங்கப்பா, மீட்டிங்ல இருக்கேன்" என்பாய். காகிதம்தான் மீட்டிங் போகாமல் உட்கார்ந்து கேட்கும். நான் ஐந்தாவது வரை படித்தவன், உன் அம்மா எட்டாவது. அதனால் நான் எழுத எழுத அவள் பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறாள். மூன்று வகுப்பு கூடப் படித்ததற்கு இந்த வீட்டில் இத்தனை வருஷமாக நடக்கும் அதிகாரத்தை நீயும் பார்த்து வளர்ந்தவன்தானே.

போன மாதம் மண்டல அலுவலகத்து ஹாலில், வார்டு எல்லைக் கூட்டத்தில், நான் எழுந்து நின்று பேசிய பேச்சு உன் காதுக்கு வந்திருக்கும். எங்கள் பனியன் யூனிட்டில் ஒரு மாதிரி சொல்லியிருப்பார்கள். உன் மாமனார் இன்னும் அழகாகச் சொல்லியிருப்பார். அவர் எதையும் அழகாகத்தான் சொல்வார், என் வயிற்றெரிச்சலில் அதுவும் ஒன்று. நீ மட்டும் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரியாதைக்குக் கேட்காமல் இருந்தாயா, கேட்டால் அப்பன் அழுதுவிடுவான் என்று பயந்தாயா, தெரியவில்லை. நேற்று வார்டுகளின் இறுதிப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். இனி யாரும் மனு கொடுக்க முடியாது, மாற்ற முடியாது. அதனால் நடந்ததை நானே முழுசாகச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் எடுத்துப் படித்தாலும் பரவாயில்லை. ஹால் நிறைய ஆள் இருக்கும்போது சொன்னதில் மறைக்க இனி என்ன இருக்கிறது?

விஷயம் ஒன்றுதான் கண்ணு. எனக்குப் பொறாமை. நேற்று முந்தாநாள் வந்தது இல்லை, நீ பிறந்ததிலிருந்து இருக்கிறது. உனக்கு நினைவிருக்கும், ஏழாவது படிக்கும்போது கோடை லீவில் உன் தாய்மாமன் வெள்ளகோவிலில் ஒரே வாரத்தில் உனக்கு சைக்கிள் கற்றுக் கொடுத்தான். அதற்கு முந்தின வருஷம் முழுக்க "வர்ற ஞாயித்துக்கிழமை, வர்ற ஞாயித்துக்கிழமை" என்று நான் தள்ளிக்கொண்டே போனேன், ஞாயிற்றுக்கிழமையானால் யூனிட்டில் ஓவர்டைம் வந்துவிடும். நீ ஊரிலிருந்து வந்து இறங்கினதும் "மாமா மாதிரி ஓட்டறேன் பாருங்கப்பா" என்று நம் வீதியில் கையை விட்டு ஓட்டிக் காட்டினாய். அடுத்த நான்கு நாள் விடிகாலையில் எழுந்து அந்த சைக்கிளின் பின் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டவன் நான்தான். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிப் பார்த்து, "இதுல ஓட்டையே இல்லையே தம்பி" என்று சலித்துப் போனார். நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பள்ளிக்கூடம் போனாய். ஐந்தாம் நாள் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் விட்டுவிட்டேன். உன் அம்மா இதைத் திருத்தும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். அவளுக்கும் இன்றைக்குத்தான் தெரியும். அவன் அவள் அண்ணன் அல்லவா.

அதோடு நின்றதா? முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் பட்டு எடுத்தாய். எனக்கு இரண்டு பனியன் எடுத்தாய். கட்டிங் மேசையில் ஒரு நாளைக்கு ஆயிரம் பனியன் வெட்டுகிறவனுக்குப் பனியன்! அதுவும் எங்கள் கம்பெனிப் பனியனே. ஊரெல்லாம் காட்டி ஊர் சிரிக்கச் சிரிக்கப் பேசினேன், நீயும் சிரித்தாய். அந்தப் பட்டின் மேல் எனக்கு இருந்த காந்தல் மட்டும் உனக்குத் தெரியாது. கேலி பேசுகிறவனுக்கு இது ஒரு வசதி. உள்ளே எரிவதை வெளியே சிரிப்பாகக் காட்டிவிடலாம், பார்க்கிறவர்கள் "மனுசன் எப்பவும் கலகலன்னு இருக்கறாரு" என்று போய்விடுவார்கள்.

பிறகு உனக்குக் கல்யாணம் ஆனது. உன் மனைவி மேல் எனக்குப் பொறாமை இல்லை, சாமி சத்தியமாக இல்லை. அந்தப் பிள்ளை என் கேலிக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறது, இந்த வீட்டில் அதற்கு முன் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. எரிந்தது உன் மாமனாரைப் பார்த்துத்தான். ஊத்துக்குளிக்காரர், மாடு கன்றோடு வளர்ந்தவர், இங்கே வந்து சின்னதாக ஒரு டெய்லரிங் யூனிட் வைத்து முன்னுக்கு வந்தவர். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். ஊருக்குப் போய்வந்தால் உனக்கென்று ஒரு தூக்கு நிறைய வெண்ணெய் வரும். ஒரு நாள் நம் வாசலில் நின்று "ஷிப்மென்ட் போயிருச்சுங்களா மாப்ளே?" என்று உன்னைக் கேட்டார். நீ வெளிநாட்டு பையர் என்ன சொன்னான், கலர் எங்கே தப்பாகிப் போனது, கண்டெய்னர் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று கால் மணி நேரம் சொன்னாய். அன்று காலையில் அதே கேள்வியை நான் கேட்டேன். "போச்சுப்பா" என்றாய். ஒரே ஒரு சொல். நான் கதவுக்குப் பின்னால் செருப்பைத் தேடுவது போல் நின்று அந்தக் கால் மணி நேரத்தையும் கேட்டேன்.

நீ தனிக்குடித்தனம் போனபோதுகூட நான் சமாளித்துக்கொண்டேன். ரோட்டைத் தாண்டினால் உன் வீடு. உன் மாமனார் வீடு அங்கிருந்து இரண்டு வீதி. நான்தான் கிட்டம் என்று மனதுக்குள் அளந்து வைத்திருந்தேன். அப்போதுதான் வார்டுகளைப் பிரித்து எழுதுகிறார்கள், வரைவுப் பட்டியல் வந்திருக்கிறது என்று படத்தை எல்லோரும் போனில் அனுப்பினார்கள். பேக்கரியில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தோம். நம் வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் நடுவில் உள்ள ரோட்டின் மேலேயே பட்டையாக ஒரு கோடு. இந்தப் பக்கம் ஒரு வார்டு, அந்தப் பக்கம் ஒரு வார்டு. நீ உன் மாமனாரோடு அந்தப் பக்கம். உன் மாமனார் தேங்காய் பன்னைப் பிட்டுக்கொண்டே என் தோளில் தட்டி, "சம்பந்தி, இனி மாப்பிள்ளை எங்க ஆளுங்க. கவருமெண்டே கோடு போட்டுக் குடுத்துருச்சு" என்றார். பேக்கரியே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இதுவரை ஓட்டுப் போடும் நாளில் நாம் மூன்று பேரும் ஒன்றாகத்தான் போயிருக்கிறோம். நீ பதினெட்டு முடிந்து முதல் ஓட்டுப் போட்ட அன்று, வரிசையில் எனக்கு முன்னால் நின்று திரும்பித் திரும்பி "எந்தப் பட்டன்னு சொல்லுங்கப்பா" என்று கேட்டு என்னை ஏமாற்றினாய். நான் சொன்னதற்கு நேர் எதிராகப் போட்டுவிட்டு வெளியே வந்து கண்ணடித்தாய். அந்த லிஸ்டில் என் பெயருக்குக் கீழே உன் பெயர் இருக்கும். இனி இல்லை. அவர் வீட்டில் வெண்ணெய் தின்றாய், சரி. அவரிடம் மனம் விட்டுப் பேசினாய், அதுவும் சரி. லிஸ்டிலும் அவர் பக்கம் என்றால்? அடுத்த நாள் நான் லீவு போட்டேன். உடம்பு சரியில்லை என்று யூனிட்டில் சொன்னேன். மனு எழுதுகிறவரிடம் போனேன்.

மனு எழுதுகிறவர் விவரமான ஆள். "சும்மா இந்த வீதிய எங்க வார்டுல சேருங்கன்னா எடுத்துக்க மாட்டாங்க. ரெண்டு வார்டுலயும் தலைக்கணக்கு ஏறக்குறைய சமமா இருக்கோணும். எத்தன தலை உள்ள வருதோ அத்தன தலை வெளிய போகோணும். அதையும் நீங்களே படத்துல காட்டிக் குடுத்தீங்கன்னா அவங்களுக்கு வேலை சுலபம்" என்றார். இதைக் கேட்டதும் எனக்குக் குஷி வந்துவிட்டது கண்ணு. கணக்குப் போட்டு வெட்டுவதுதானே என் தொழில். துணி மேல் அளவு வரைந்து மார்க்கர் போடும்போது பெரிய பீஸை முதலில் வைப்போம், முன்பாடி, பின்பாடி. கை அதற்குப் பக்கத்தில். மிஞ்சுகிற சந்தில் பாக்கெட் துண்டைச் சொருகுவோம். துணி வீணாகக் கூடாது, அவ்வளவுதான். சந்தில் எந்தத் துண்டு போனது என்று யாரும் யோசிப்பதில்லை. நான் படத்தின் ஜெராக்ஸை மேசையில் விரித்து, உன் வீதியை உள்ளே இழுத்தேன். அதே அளவு தலை வெளியே போக வேண்டும் என்று தேடினேன். நம் வீதிக் கடைசியில் தெற்கத்திக்காரர்கள் குடியிருக்கும் காம்பவுண்டு கண்ணில் பட்டது. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை லைன் வீடு, நடுவில் சாக்கடை. தெற்கு வரிசை உன் வார்டை ஒட்டிக்கொண்டு நின்றது. எண்ணிப் பார்த்தேன், உன் வீதிக்கும் தெற்கு வரிசைக்கும் தலை பொருந்தி வந்தது. சாக்கடை மேலேயே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். சுத்தமான கட்டிங் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

காரணம் வேண்டும் அல்லவா? "இடையில் உள்ள சாலையைக் கடக்க முதியோர் மிகவும் சிரமப்படுகிறார்கள்" என்று எழுதச் சொன்னேன். நம் வீட்டு முன்னால் உள்ள ரோட்டை! ஆடு படுத்துத் தூங்குகிற ரோட்டை! எழுதியவர் நிமிர்ந்து பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். பிறகு கையெழுத்து வாங்கக் கிளம்பினேன். வீதியில் பத்துப் பேர், யூனிட்டில் இருபது பேர். யாரும் படிக்கவில்லை. கட்டிங் மாஸ்டர் கொடுத்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்று போட்டார்கள். காம்பவுண்டில் இருந்து ஜெயராணியும் போட்டாள்.

ஜெயராணியை உனக்குத் தெரியும், எங்கள் யூனிட்டில் ஓவர்லாக் டெய்லர், திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி. உனக்குத் தெரியாதது இன்னொன்று இருக்கிறது. அந்தக் காம்பவுண்டு சனம் பாதிப் பேர் ஓட்டை ஊரிலேயே வைத்திருந்தார்கள். கோயில் கொடை விழாவுக்கோ சர்ச் அசன விருந்துக்கோ ஊருக்குப் போனால் போனது, தேர்தலுக்கு என்று போனால் போனது. இங்கே ஓட்டு இல்லாததால் எந்தக் கவுன்சிலரும் அந்தச் சாக்கடையை எட்டிப் பார்த்ததில்லை. மழை பெய்தால் இரண்டு வரிசைக்கும் வீட்டுக்குள் வரும். ஜெயராணிதான் ஷிப்ட் முடிந்து வீடு வீடாக ஏறி இறங்கி, அந்தப் பாரத்தை நிரப்பி இந்த அட்டையை நகல் எடுத்து, ஊர் ஓட்டையெல்லாம் இங்கே மாற்ற வைத்தாள். "ஊர்ல ஒங்க ஓட்டுக்கு ஒரு ஆளு வந்து கும்பிடுவான், இங்க ஒங்க வீட்டுல தண்ணி வருது, எது வேணும்?" என்று கேட்பாளாம். இந்த முறை அவளே கவுன்சிலருக்கு நிற்பது என்று முடிவு செய்திருந்தாள். இரண்டு வரிசையும் சேர்ந்தால் ஒரு பலம். அதை நான் சாக்கடையோடு வகுந்து வைத்திருந்தேன், அதன் கீழே அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள். காகிதத்தை நீட்டியபோது "எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்கக்கூட இல்லை. "நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று மெஷினில் கால் வைத்தபடியே போட்டுக் கொடுத்தாள்.

அந்தக் கையெழுத்து வாங்கும்போது அவள் நிற்கப்போவது எனக்குத் தெரியுமா என்று நீ கேட்பாய். தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் வார்டைப் பார்க்கவில்லை, காம்பவுண்டைப் பார்க்கவில்லை, உன் மாமனாரின் வெள்ளைச் சட்டையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமைக்காரனுக்குக் கண் குருடாவதில்லை, ஒரே ஆள் மேல் போய் நின்றுவிடும். மற்ற சனம் எல்லாம் கண்ணில் இருந்தும் தெரியாது. நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தியில் உருப்படியானது இது ஒன்றுதான், குறித்துக்கொள்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மனுவில் தலைக்கணக்குச் சரியாக இருந்தது, படம் சுத்தமாக இருந்தது. இந்த மாற்றத்தைச் செய்யலாமா, யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், திங்கட்கிழமை கூட்டம் என்று. நான் அன்று யூனிட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே வெட்டினேன். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஜெயராணி என் மேசைக்கு வந்தாள். கையில் அந்த நோட்டீஸின் போட்டோ.

"அண்ணாச்சி, இந்தக் கோடு யாரு போட்டது?"

வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். கேலி வரவில்லை. "நான்தானுங்க" என்றேன். என்னைவிட இருபது வயது சின்னவளிடம் 'ங்க' போட்டுப் பேசுகிறேன் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"கையெழுத்து என்னுதுதான், நான் இல்லங்கல. வாசிக்காமப் போட்டது என் தப்பு. ஆனா நாங்க ஒங்களுக்கு என்ன செஞ்சோம்? சாக்கடை நடுவுல கோடு போட்டா, அது ரெண்டு வார்டுக்கும் இல்லாமப் போயிரும்லா? இவன் அவனைக் காட்டுவான், அவன் இவனைக் காட்டுவான். ஊர் ஓட்டை இங்க மாத்துங்கன்னு நான் சொல்லி மாத்துன சனம் அண்ணாச்சி. இப்ப என்கிட்டத்தான கேக்கும்?"

சொன்னேன். வேறு வழியில்லாமல் உள்ளது உள்ளபடி சொன்னேன். மகன், மாமனார், லிஸ்ட், எல்லாம். அவள் திட்டியிருந்தால் தேவலை. நீட்டிய போட்டோவைக் கீழே இறக்கினாள். பிறகு, "மவனப் பாக்கணும்னா அவன் வீட்டுக்குப் போயி ஒரு நேரம் சாப்ட்டுட்டு வந்திருக்கலாம்லா?" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு எட்டின அந்த யோசனை எனக்கு எட்டவில்லை பார். நீ தனிக்குடித்தனம் போன ஆறு மாதத்தில், நீ கூப்பிடாமல் நான் ஒரு நாளும் உன் வீட்டுப் படி ஏறியதில்லை. கூப்பிடட்டும், கூப்பிடட்டும் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். உன் மாமனார் யார் கூப்பிடவும் காத்திருக்காமல் வெண்ணெய்த் தூக்கோடு வந்து போனார். அவரை உன்னிடம் கிட்டத்தில் கொண்டுவந்தது எந்தக் கவர்மெண்டும் இல்லை. அவர் காலும் செருப்பும்தான்.

"திங்கக்கிழமை வந்து சொல்லுவியளா?" என்று கேட்டாள். "சொல்றனுங்க" என்றேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒரே வார்த்தையில், "போய் நில்லுங்க. சிரிச்சா சிரிக்கட்டும். ஊரச் சிரிக்க வெக்கறதுதானே உங்களுக்குப் புடிக்கும்" என்று முடித்துவிட்டாள்.

ஹால் நிறையக் கூட்டம். காம்பவுண்டில் இருந்து முப்பது பேருக்கு மேல், அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து சுவரோரமாக நின்றார்கள். மூன்றாவது வரிசையில் உன் மாமனார், அவர் வீதிப் பெயர் பட்டியலில் தப்பாக இருப்பதைச் சொல்ல வந்திருந்தார். என்னைப் பார்த்து "வாங்க சம்பந்தி" என்று பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்தார். அங்கே உட்கார்ந்தேன், என்ன செய்வது? என் மனு எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய், "இந்த மனுவ நான் வாபஸ் வாங்கிக்கறனுங்க" என்றேன்.

அதிகாரி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "நீங்களே கொடுத்த மனுவுங்களே. முப்பது கையெழுத்து, வரைபடம் எல்லாம் வெச்சிருக்கீங்க. வாபஸ் வாங்க என்ன காரணம்?"

"குடுத்தது பொறாமைலீங்க."

"யார் மேல?"

"என்ர பையனோட மாமனார் மேலீங்க. அதோ, மூணாவது வரிசைல, வெள்ளைச் சட்டை."

ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. உன் மாமனார் கும்பிட்டுக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார், மாலை போடக் கூப்பிட்ட மாதிரி. அதிகாரிக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "பெரியவரே, பொறாமைன்னு ஃபைல்ல எழுத முடியாதுங்க. வேற காரணம் சொல்லுங்க" என்றார்.

எனக்கு அப்போதும் ஒரு கேலி வாய்வரை வந்தது. சுவரோரம் நின்ற சனத்தைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன். "அப்படீன்னா, ரோட்டத் தாண்ட முடியலைன்னு நான் எழுதுனது பொய்யின்னு எழுதிக்குங்க. அந்த ரோட்ட நான் அன்னாடம் நாலு தடவ தாண்டறனுங்க. பையன் வண்டி வாசல்ல நிக்குதான்னு பாத்துட்டு, வந்த வழியே திரும்பீருவனுங்க" என்றேன். உன் மாமனார் கும்பிட்ட கையை இறக்கி உட்கார்ந்துவிட்டார். அடுத்து ஜெயராணி பேசினாள். மழையில் வீட்டுக்குள் வந்த தண்ணீரின் அளவைத் தன் முழங்காலுக்கு மேல் கை வைத்துக் காட்டினாள். இந்தச் சாக்கடை எந்த வார்டில் இருந்தாலும் முழுசாக ஒரே வார்டில் இருக்கட்டும், அது போதும் என்றாள். அதிகாரி குறித்துக்கொண்டார். முடிவு பிறகு வரும் என்றார்.

வெளியே வந்தால் உன் மாமனார் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு நிற்கிறார். "ஏறுங்க" என்றார். நம் ரோட்டுக்கு வந்ததும் சரியாக நடுவில் நிறுத்தி, "எறங்கிக்குங்க சம்பந்தி. இதுக்கு மேல வந்தீங்கன்னா பாஸ்போர்ட்டு கேப்பாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேலியாயிற்றே, இந்த மனுசனுக்கு எப்படித் தோன்றியது என்று அதற்கும் பொறாமை வந்தது. பிறகு அவர் வண்டியை அணைத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "எம் புள்ள ஊட்டுக்கு வந்தா, 'மாமா இப்படிச் சொன்னாரு, மாமா அப்படிச் சிரிப்புக் காட்டுனாரு'ன்னு உங்களப் பத்தியேதானுங்க பேசுது. நானும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கறனுங்க. எனக்கு அப்படியெல்லாம் பேச வராதுங்களே." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லவன் படும் சந்தோஷம் என்று பொய் சொல்லமாட்டேன், ஜெயித்தவனின் சந்தோஷம். வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் அந்த மனுசன் முகம் நினைவுக்கு வந்து வெட்கமாகப் போனது.

இப்போது உனக்குப் புத்தி சொல்லும் இடம் வந்துவிட்டது, அப்பன் எழுதினால் இது இல்லாமல் இருக்குமா? உனக்கும் பொறாமை வரும் கண்ணு. இது சொத்து மாதிரி, என்னிடமிருந்து உனக்கு வராமல் போகாது. உன் மனைவி அவள் அப்பாவிடம் போனில் ஒரு மணி நேரம் பேசுவாள், உன்னிடம் "ம்" என்பாள். நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அது உன்னை விட்டுவிட்டு என் தோளில் ஏறும், நான் ஏற்றிக்கொள்வேன், இறக்கவும் மாட்டேன். அப்போது எரியும். எரிந்தால் எரிகிறது என்று அந்த ஆளிடமே வாய்விட்டுச் சொல்லிவிடு. ஊர் நன்மை, பொதுஜன சிரமம், முதியோர் நலன் என்று அதற்குப் பெயர் மாற்றி எழுதிவிடாதே. எழுதினால் அதில் கையெழுத்துப் போட நல்ல சனம் வந்துவிடும், நம்பிப் போட்டும் விடும். கடைசியில் நஷ்டம் உன் மாமனாருக்கும் இல்லை, உனக்கும் இல்லை. எவள் வீட்டிலோ முழங்கால் தண்ணீர்.

நேற்று ஒட்டிய பட்டியலை நானும் உன் அம்மாவும் போய்ப் பார்த்தோம். கோடு பழையபடி ரோட்டின் மேலேயே இருக்கிறது. காம்பவுண்டு இரண்டு வரிசையும், நடுவில் உள்ள சாக்கடையோடு, முழுசாக எங்கள் வார்டில். நீ அந்தப் பக்கம், உன் மாமனாரோடு. உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எரியத்தான் செய்தது, இல்லை என்று ஏன் சொல்லவேண்டும்? ஜெயராணி அங்கேயே போர்டுக்கு முன்னால் நின்று வீட்டு எண்களை விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி எண்வரை பார்த்துவிட்டுத் திரும்பி, "அண்ணாச்சி, எனக்கு ஒரு ஓட்டு உண்டுல்லா?" என்றாள். "ஒண்ணு இல்லீங்க, ரெண்டு. எங்கூட்டுக்காரியும் சேத்தி" என்றேன்.

ஆகவே ஓட்டுப் போடும் நாளில் நானும் உன் அம்மாவும் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஜெயராணிக்குப் போடுவோம். அந்தக் கொடுப்பினை உனக்கும் இல்லை, உன் மாமனாருக்கும் இல்லை. எத்தனை தூக்கு வெண்ணெய் கொடுத்தாலும் வராது. இந்த ஒரு தடவையாவது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்து நீ பொறாமைப்படு கண்ணு.